அட்லாண்டாவிலிருந்து சவானாவுக்குக் குடும்பத்தோடு காரில்: முதல்முறை போகிறவர்களுக்கு

ஊரிலிருந்து அம்மா, அப்பா வந்திருக்கிறார்கள், பிள்ளைகளுக்கும் இரண்டு மூன்று நாள் விடுமுறை என்றால் ஜார்ஜியாவின் கடலோரப் பழைய ஊரான சவானாவுக்குத் தாராளமாகக் கிளம்பலாம். அட்லாண்டாவிலிருந்து சுமார் 250 மைல். நிற்காமல் ஓட்டினால் நான்கு மணி நேரம். நடந்து பார்க்க வேண்டிய ஊர் என்பதால், "தவறவிடக் கூடாத 20 இடங்கள்" மாதிரிப் பட்டியல்களை முதலில் ஓரங்கட்டிவிடுங்கள்.

படி 1: நாள் பார்ப்பது

மார்ச் 17, செயின்ட் பேட்ரிக் தினத்தை ஒட்டிய நாட்கள் வேண்டவே வேண்டாம். ஊரே திருவிழாக் கூட்டமாக இருக்கும், அறை வாடகையும் எகிறிவிடும். ஜூலை, ஆகஸ்டில் புழுக்கம் தாங்காது. பெரியவர்களோடு போக நவம்பரோ பிப்ரவரியோ நல்லது. தங்குமிடம் பழைய நகரப் பகுதிக்குள்ளேயே இருக்கட்டும். கார் நிறுத்தத் தனிக் கட்டணம் உண்டா என்று முன்பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

படி 2: வண்டியும் சாப்பாடும்

ஜார்ஜியா சட்டப்படி 8 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பின் இருக்கையில், உயரத்துக்கும் எடைக்கும் ஏற்ற கார் சீட்டிலோ பூஸ்டரிலோ உட்கார வேண்டும். ஓட்டுபவர் கையில் போன் இருக்கக் கூடாது. மதியத்துக்குப் புளியோதரையும் சிப்ஸும் கட்டிக்கொள்ளுங்கள். தென்மாநிலச் சாப்பாட்டுக் கடைகளில் கீரை, பீன்ஸ் என்று எழுதியிருந்தாலும் பன்றி இறைச்சி சேர்த்து வேகவைத்திருப்பார்கள். சைவக்காரர்கள் கேட்காமல் வாங்கக் கூடாது. கிரிட்ஸ் பயமில்லாதது, நம் ரவைக் கஞ்சி மாதிரிதான், மக்காச்சோளத்தில் செய்வது. மேலே இறால் போடாமல் தரச் சொல்லுங்கள்.

படி 3: மேக்கனில் ஒரு நிறுத்தம்

ஐ-75 நெடுஞ்சாலையில் தெற்கே மேக்கன் வரை வந்து, ஐ-16-ல் கிழக்கே திரும்ப வேண்டும். திரும்பியவுடன் 2 என்று எண்ணிட்ட எக்ஸிட்டில் ஓக்மல்கீ மண்மேடுகள் தேசிய வரலாற்றுப் பூங்கா. அனுமதி இலவசம். பூர்வகுடிகள் கூடிப் பேசிய மண் மண்டபத்துக்குள் குனிந்து நுழையலாம். அதன் களிமண் தரைக்கு ஏறத்தாழ ஆயிரம் வயது. பிள்ளைகள் பெரிய மேட்டில் ஏறி இறங்கினால் அடுத்த இரண்டரை மணி நேரம் காரில் அமைதி நிலவும். மேக்கனிலேயே பெட்ரோல் நிரப்பிவிடுங்கள். அப்புறம் சவானா வரை பைன் மரம், பைன் மரம், பைன் மரம்தான்.

படி 4: காரை நிறுத்திவிட்டு நடப்பது

எல்லிஸ் சதுக்கத்துக்கு அடியில் நிலத்தடி வாகன நிறுத்தம் இருக்கிறது. அதற்கு ஒரு கதை உண்டு. அங்கே இருந்த பழைய சந்தைக் கட்டடத்தை 1954-ல் இடித்து, தரைக்கு மேலேயே கார் நிறுத்தம் கட்டினார்கள். அந்தக் கோபத்தில் ஏழு பெண்கள் சேர்ந்து, அடுத்து இடிபடவிருந்த டேவன்போர்ட் வீட்டைக் காப்பாற்றினார்கள். 1955-ல் உருவான அவர்களுடைய அமைப்பு பிறகு எத்தனையோ வீடுகளை மீட்டது. பின்னாளில் அந்தக் கார் நிறுத்தத்தையும் இடித்து, சதுக்கத்தை மீட்டு, கார்களை நிலத்துக்கு அடியில் தள்ளிவிட்டார்கள்.

அங்கிருந்து கிழக்கே கொஞ்சம் நடந்தால் ஜான்சன் சதுக்கம். 1733-ல் ஜேம்ஸ் ஓகில்தோர்ப் ஊரை அமைத்தபோது முதலில் போட்டது இதுதான். நடுவில் சதுக்கம், சுற்றிலும் வீடுகளும் பொதுக் கட்டடங்களும். இந்த ஒரே அளவைத் திரும்பத் திரும்ப வைத்து ஊரை வளர்த்தார்கள். 24 சதுக்கங்களில் 22 இன்னும் இருக்கின்றன. புல் ஸ்ட்ரீட்டில் தெற்கே நடந்தால் ஜான்சன், ரைட், சிப்பெவா, மேடிசன், மான்டரே என ஐந்தைக் கடந்து, 1858-ல் வைத்த நீரூற்று இருக்கும் ஃபோர்சைத் பூங்காவுக்கு வந்துவிடலாம். மொத்தம் ஒரு மைல்தான். சதுக்கத்துக்குச் சதுக்கம் நிழலும் பெஞ்சும் உண்டு, முழங்கால் வலிக்காரர்களுக்கு இதைவிடத் தோதான வழி இல்லை. ரைட் சதுக்கத்தில் ஒரு பெரிய பாறையைக் கவனியுங்கள். ஓகில்தோர்ப்புக்கு இடம் கொடுத்த யாமகிரா பூர்வகுடித் தலைவர் டோமோச்சிச்சியின் நினைவுக்கல் அது. அவரை 1739-ல் இந்தச் சதுக்கத்தில்தான் புதைத்தார்கள்.

ஓக் மரங்களில் தொங்கும் சாம்பல் நிறச் சடை அன்னாசிக் குடும்பத்துச் செடி. கீழே விழுந்து கிடப்பதைப் பிள்ளைகள் எடுத்து விளையாடினால் அதிலுள்ள பூச்சிகள் கடித்து அரிக்கும்.

படி 5: அந்த அழகு யார் உழைப்பு என்று காட்டுவது

இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். ஓவன்ஸ்-தாமஸ் மாளிகையில் அடிமைகள் தங்கிய கட்டடத்தையும் சேர்த்தே காட்டுகிறார்கள். அதன் உட்கூரையில் பழைய நீலப் பூச்சு இன்னும் தெரிகிறது. ஃபிராங்க்ளின் சதுக்கத்து முதல் ஆப்பிரிக்க பாப்டிஸ்ட் தேவாலயம், பகலெல்லாம் உழைத்த அடிமைகள் இரவில் வந்து கட்டியது. 1859-ல் முடிந்தது. தரைப் பலகையிலுள்ள துளைகள், தப்பி வந்து அடியில் ஒளிந்தவர்கள் மூச்சுவிட வைத்தவை என்பது அந்தத் தேவாலயத்தாரின் வழிவழிச் செய்தி. அதே 1859 மார்ச்சில்தான் ஊருக்கு வெளியே பந்தய மைதானத்தில் 400-க்கும் மேற்பட்ட அடிமைகளை இரண்டே நாளில் ஏலம் விட்டார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இது புரியும், சொல்லலாம்.

படி 6: ஆற்றங்கரையும் திரும்புவதும்

ரிவர் ஸ்ட்ரீட்டுக்கு இறங்கும் கல் படிகள் செங்குத்தானவை, கீழே உருளைக்கல் பாதை. தள்ளுவண்டியும் வழுக்கும் செருப்பும் அங்கே ஆகாது. ஆற்றைக் கடக்கும் படகு இலவசம், பிள்ளைகள் இரண்டு முறை போகச் சொல்வார்கள்.

மறுநாள் நேரமிருந்தால் டைபி தீவுக் கடற்கரை, வழியில் புலாஸ்கி கோட்டை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1862-ல் துளைத்த பீரங்கிக் குண்டுகள் இன்னும் செங்கல் சுவரில் பதிந்திருக்கின்றன. தீவுக்குப் போகும் ஒரே சாலையில் பெரிய ஓதத்தின்போது தண்ணீர் ஏறும், ஓத நேரத்தைப் பார்த்துக் கிளம்புங்கள். ஞாயிறு என்றால் மதியத்துக்குள் அட்லாண்டாவுக்குப் புறப்பட்டுவிடுங்கள். மாலையானால் மெக்டொனா அருகே ஐ-75 நகராது.