பேட்டரி ஏ.எச். கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ், மைனஸ் கம்பியை மாற்றி மாட்டாதீர்கள், டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற மறக்காதீர்கள் என்பதெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாமல் விடுவது ஏ.எச். கணக்கு. ஏ.எச். என்றால் ஆம்பியர் ஹவர்: எத்தனை ஆம்பியர், எத்தனை மணி நேரம் என்பதன் பெருக்கல். புதிதாக இன்வெர்ட்டர் வாங்குகிறவர்கள் இன்றும் அதே தப்புக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

ஸ்டிக்கர் எண்ணை அப்படியே பெருக்குவது

150 ஏ.எச்., 12 வோல்ட்; பெருக்கினால் 1800 வாட் ஹவர். வீட்டு லோடு 600 வாட், ஆக மூன்று மணி நேரம் ஓடும் என்று முடிவு கட்டுகிறார்கள். ஓடுவதோ ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். உடனே டூப்ளிகேட் பேட்டரி என்று கடையில் சண்டை. இல்லையென்றால் தேவையே இல்லாமல் இன்னொரு பேட்டரிக்குக் காசு. எரிச்சல் வருவது இங்கேதான், ஏனென்றால் விடை அந்த ஸ்டிக்கரிலேயே இருக்கிறது.

150 ஏ.எச். பக்கத்தில் சின்னதாக 'சி20' என்று இருக்கும். 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் எடுத்தால்தான், 10.5 வோல்ட்டுக்கு இறங்குவதற்குள் அந்த 150 முழுதாகக் கிடைக்கும். 600 வாட் லோடுக்கு, இன்வெர்ட்டர் திறன் 85 சதவீதம் என்று வைத்தால், பேட்டரியிலிருந்து போவது சுமார் 59 ஆம்பியர். லெட் ஆசிட் பேட்டரியில் இவ்வளவு வேகமாக இழுத்தால் தகட்டின் உட்பகுதிக்கு ஆசிட் ஊறிச் சேர நேரம் இருக்காது. வோல்டேஜ் சரியும், இன்வெர்ட்டர் கத்த ஆரம்பிக்கும். 150இல் 90 கைக்கு வந்தாலே பெரிது. அதே பேட்டரியில் 150 வாட் மட்டும் போடுங்கள், எட்டு மணி நேரம் தாங்கும். லோடு நாலில் ஒரு பங்கானால் நேரம் ஐந்து மடங்குக்கு மேல்.

சோலாருக்கு விற்பதில் 'சி10' என்று இருக்கும்: 15 ஆம்பியர் வீதம் 10 மணி நேரம். எண் ஒன்றே ஆனாலும் சி10தான் பெரிய பேட்டரி. விலையை ஒப்பிடும்போது இதைப் பார்க்காமல் விட்டால், மலிவு என்று வாங்குவது மலிவாக இருக்காது. தினமும் கரண்ட் போகும் ஊரென்றால், கிடைப்பதில் பாதிக்கு மேல் காலி செய்யாத மாதிரி கணக்குப் போடுங்கள். தினமும் அடிமட்டம் வரை இறக்கினால், குழாய் வடிவத் தகடு வைத்த டியூபுலர் பேட்டரியும் சீக்கிரம் போய்விடும்.

சார்ஜ் ஆன கையோடு வோல்டேஜ் பார்ப்பது

13 வோல்ட்டுக்கு மேல் காட்டும், நம்பாதீர்கள். லோடு, சார்ஜர் இரண்டையும் கழற்றிச் சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். கார் பேட்டரி அட்டவணையில் இருக்கும் 12.7ஐ இங்கே தேடவும் கூடாது. ஆசிட் அடர்த்தி 1.240 உள்ள டியூபுலர், முழு சார்ஜிலும் 12.5 பக்கம்தான் நிற்கும்.

தண்ணீர் ஊற்றியதும் ஹைட்ரோமீட்டர் விடுவது

ஹைட்ரோமீட்டர் ஆசிட் அடர்த்தியை அளக்கும் கருவி. ஊற்றிய தண்ணீர் மேலேயே நிற்கும், அளவு குறைவாகக் காட்டும். சார்ஜில் குமிழி கிளம்பிக் கலந்தபின் அளந்து பாருங்கள். ஆறு செல்லில் ஐந்து 1.235, ஒன்று மட்டும் 1.150 என்றால் சராசரி எடுக்காதீர்கள். பேக்கப் நேரம் அந்த ஒரு செல் கையில்.

ஏ.சி. க்ளாம்ப் மீட்டர்

கம்பியைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் அளக்கும் மீட்டர் இது. ஏ.சி. மட்டும் அளப்பது, டி.சி. ஓடும் பேட்டரி கம்பியில் உதவாது. டி.சி. க்ளாம்ப் வாங்குங்கள்.

பவர் பேங்க் எம்.ஏ.எச்.

எம்.ஏ.எச். என்பது ஏ.எச்.இல் ஆயிரத்தில் ஒரு பங்கு. 10000 என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கு, அதாவது 37 வாட் ஹவர். 5 வோல்ட்டில் அதுவே 7400. சர்க்யூட் இழப்பும் போக 6000 சொச்சம் வரும்.

9900 எம்.ஏ.எச். 18650 செல்

18650 என்பது உருளை வடிவ லித்தியம் செல். அதில் 9900 கிடையாது. நல்ல செல்லே 3500ஐ ஒட்டித்தான். தராசில் வையுங்கள்: அசல் 45 கிராம் பக்கம் இருக்கும். 30 கிராம் காட்டினால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.