தீவகத்துச் சிறு மின்கட்டமைப்புகள்: விதிகளை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெடுந்தீவுக்கு மின்சாரம் நெடுங்காலமாகப் படகில்தான் போயிருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து கம்பி வழியாக மின் செல்லாத தீவு என்பதால், டீசலைக் கடல் கடந்து கொண்டுபோய் அங்கேயுள்ள மின்பிறப்பாக்கிகளில் எரித்து வீடுகளுக்கு வெளிச்சம் கொடுக்க வேண்டியிருந்தது. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவற்றின் கதையும் இதுவே. எழுவைதீவில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் காற்று, சூரிய ஒளி, பற்றரி, டீசல் நான்கையும் ஒன்றாக இணைத்த கலப்பு மின்நிலையம் அமைக்கப்பட்டது. ஒரு தீவுக்கோ ஒதுக்குப்புறமான ஒரு கிராமத்துக்கோ உரிய மின்னை அங்கேயே உற்பத்தி செய்து, அங்கேயே பகிர்ந்தளிக்கும் இத்தகைய ஏற்பாட்டையே சிறு மின்கட்டமைப்பு என்கிறோம்.

சூரியத் தகடுகளையும் காற்றாலைகளையும் நிறுவுவது இன்று கடினமான வேலையல்ல. நிறுவிய பின் வரும் இருபது வருடங்களுக்கு யார் பொறுப்பு, எந்தப் பணத்தில், எந்த விதியின் கீழ் என்பதை முதல் மின்கம்பம் நடுவதற்கு முன்பே எழுதி வைப்பதுதான் கடினம். உலகின் பல பகுதிகளில் இத்திட்டங்கள் விழுந்தது இந்த எழுத்து வேலையில்தான்.

முதலாவதும் மிகப் பெரியதுமான தவறு, பிரதான மின்கட்டமைப்பு பின்னாளில் அவ்விடத்துக்கு வந்து சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதைப் பற்றி விதி மௌனமாக இருப்பது. இதற்கு நாங்கள் வெளிநாடு போய்ப் படிக்கத் தேவையில்லை. 1997 முதல் உலக வங்கியின் நிதியுதவியுடன் நடந்த வேலைத்திட்டங்களின் கீழ், இரத்தினபுரி, கேகாலை போன்ற மலைப்பாங்கான மாவட்டங்களில் நூறுக்கும் மேற்பட்ட கிராமிய நீர்மின் திட்டங்கள் உருவாயின. ஊரவர்கள் மின் நுகர்வோர் சங்கங்களாகச் சேர்ந்து, வாய்க்கால் வெட்டி, கம்பம் சுமந்து, மாதச் சந்தா கட்டி அவற்றை நடத்தினார்கள். பின்னர் மின்சார சபையின் கம்பி ஒவ்வொரு ஊராக வந்து சேர்ந்தபோது, அளவும் நேரமும் கூடிய அந்த மின்னுக்கு மக்கள் மாறியது இயல்பு. ஆனால் ஓடிக்கொண்டிருந்த சுழலிகள் கைவிடப்பட்டன. அவற்றைப் பிரதான கட்டமைப்புடன் இணைத்து மின்னை விற்கலாம் என்ற வழி பிற்காலத்தில் வெகு சிலவற்றுக்கே வாய்த்தது. அந்த வழி தொடக்கத்திலேயே விதியில் இருந்திருந்தால், எத்தனையோ ஊர்களின் உழைப்பு காட்டுக்குள் துருப்பிடித்திருக்காது.

இந்தியாவின் பீகார் மாநிலத்துத் தர்னாய் கிராமத்தில் 2014இல் 100 கிலோவாற் சூரிய மின்கட்டமைப்பு பெரும் எதிர்பார்ப்புடன் தொடங்கப்பட்டது. பிரதான மின் அதன் பின்னர் விரைவிலேயே ஊருக்குள் வந்தது. குளிர்சாதனப் பெட்டியை இயக்க இடம் தராத சூரிய மின்னைவிட, மலிவான அரசாங்க மின்னையே மக்கள் விரும்பினார்கள். சூரியக் கட்டமைப்பு பயனற்றுப் போனது. இதற்கு நேர்மாறானது கம்போடியாவின் அனுபவம். அங்கே டீசல் இயந்திரத்தை வைத்து ஊருக்கு மின் கொடுத்துக்கொண்டிருந்த சிறு வியாபாரிகள், அனுமதிப்பத்திரமும் கம்பித் தரமும் உடையவர்களாக இருந்தபடியால், பெருங்கம்பி வந்ததும் அதிலிருந்து மின்னை வாங்கி விநியோகிப்பவர்களாக மாறிக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் நைஜீரியா 2016இல் கொண்டுவந்த ஒழுங்குவிதி எடுத்துப் பார்க்கத் தக்கது. அனுமதி பெற்ற கட்டமைப்பு உள்ள இடத்துக்குப் பெருங்கம்பி வந்தால், நடத்துநர் அதனுடன் இணைந்து தொடரலாம், அல்லது சொத்தின் தேய்மானம் போக எஞ்சிய பெறுமதியையும் முந்தைய 12 மாத வருமானத்தையும் இழப்பீடாகப் பெற்றுக்கொண்டு கையளிக்கலாம் என்றது அந்த விதி. எங்கள் தீவுகளுக்கும் ஒருநாள் கடலடிக் கம்பி கேட்கப்படும். கேட்பது மக்களின் உரிமை. அன்றைக்கு இருக்கும் காற்றாலையும் தகடும் யாருடையவை, அவற்றின் மின்னை யார் என்ன விலைக்கு வாங்குவார்கள் என்பது இன்றைய ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கம்பிகளும் கம்பங்களும் தொடக்கத்திலேயே தேசியத் தரத்தில் அமைய வேண்டும் என்ற நிபந்தனையும் அதனோடு சேர வேண்டும். இல்லாவிட்டால் இணைக்கும் நாளில் எல்லாவற்றையும் பிடுங்கி மறுபடி நட நேரிடும்.

அடுத்தது கட்டணம். இலங்கையில் ஒரே வகை நுகர்வோருக்கு நாடெங்கும் ஒரே கட்டணம் என்பதே நடைமுறை. நெடுந்தீவில் இருப்பவரும் நல்லூரில் இருப்பவரும் ஓர் அலகுக்கு ஒரே விலையையே கட்டுகிறார்கள். இது நியாயமான கொள்கை, நான் இதை மனதார ஆதரிக்கிறேன். தீவில் பிறந்தவர் அதற்காகக் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்று எவரும் சொல்லக் கூடாது. ஆனால் விலை ஒன்றாக இருந்தாலும் செலவு ஒன்றாக இல்லை. ஒரு பேச்சுக்கு, ஓர் அலகை உற்பத்தி செய்ய 80 ரூபா செலவாகிறது, வீட்டிலிருந்து 30 ரூபாதான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 10,000 அலகு விற்கும் தீவில் மாதந்தோறும் 5 இலட்சம் ரூபா துண்டு விழும். மின்சார சபை போன்ற பெரிய நிறுவனம் அதைத் தன் மொத்தக் கணக்கில் தாங்கிக்கொள்ளும். ஒரு கூட்டுறவுச் சங்கமோ தனியாரோ தாங்க முடியாது. இடைவெளியை யார், எந்த நிதியிலிருந்து, எந்தத் திகதிக்குள் கொடுப்பார்கள் என்று விதி சொல்லாதபோது, முதலில் வெட்டப்படுவது பராமரிப்புச் செலவு. தகடு 25 வருடம் தாங்கும், பற்றரி அவ்வளவு காலம் தாங்காது. தகட்டின் மின்னை வீட்டுக்குரிய மின்னாக மாற்றும் இன்வேட்டரை இடையில் ஒரு தடவையாவது மாற்ற நேரிடும். இவற்றுக்கென ஒரு கணக்கில் மாதந்தோறும் பணம் ஒதுக்கப்பட வேண்டும், அந்தப் பணத்தை வேறு தேவைக்கு எடுக்கக் கூடாது என்பதை அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனையாகவே எழுதலாம்.

மக்களே கட்டணத்தைத் தீர்மானிக்க இடமளிக்கும் நாடுகளும் உண்டு. நைஜீரியாவின் அதே விதியின்படி, நுகர்வோரில் 60 வீதமானோர் ஒப்புக்கொண்ட கட்டணத்தை நடத்துநர் அறவிட முடிந்தது. சமமான கட்டணம் வேரூன்றிய எங்கள் நாட்டுக்கு அதை அப்படியே எடுத்து ஒட்டுவது இன்னொரு தவறாகிவிடும்.

அனுமதிப்பத்திர விடயத்தில், நூறு மெகாவாற் நிலையத்துக்கும் முப்பது கிலோவாற் நிலையத்துக்கும் ஒரே படிவத்தை நீட்டுவது தவறு. 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டம், அனுமதிப்பத்திரமோ விலக்களிப்போ இன்றி மின்னை உற்பத்தி செய்து விநியோகிப்பதைத் தடுத்தது. விலக்களிப்பு என்ற அந்த வாசல் சிறியவர்களுக்கு எவ்வளவு எளிதாகத் திறக்கிறது என்பதிலேயே எல்லாம் இருக்கிறது. சிறியவற்றுக்குப் பதிவு மட்டும் போதும் என்று விடலாம், ஆனால் புவித்தொடுப்பு, மின்னல் காப்பு, மின்மானியின் சரிநுட்பம் ஆகியவற்றில் தளர்வு கூடாது. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டமும் 2025இல் வந்த அதன் திருத்தமும் மின்சார சபையின் பணிகளை வெவ்வேறு கம்பனிகளாகப் பிரிக்க வழி செய்கின்றன. உற்பத்தி ஒரு கம்பனிக்கும் விநியோகம் இன்னொரு கம்பனிக்கும் போகும்போது, இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் தீவு மின்நிலையம் யாருடைய கையில் இருக்கும் என்பது பெயர் குறிப்பிட்டு எழுதப்பட வேண்டும். பொதுவான வாசகம் இதற்குப் போதாது.

தொழில்நுட்ப நிபந்தனைகளை உள்நாட்டுக்கு எழுதியவாறே கடற்கரைக்கும் எழுதுவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். கரையோரம் நின்ற ஒரு சூரியத் தெருவிளக்கு இரண்டு சோளகக் (தென்மேற்குக் காற்று) காலத்துக்குள் அணைந்துவிட்டது. தகட்டில் ஒரு கீறலும் இல்லை. அதைத் தாங்கிய சட்டத்தின் ஆணிகள் துரு ஊதிப் பருத்து, பற்றரிப் பெட்டியின் மூடி கையால் தொட்டதும் செதில் செதிலாக உதிர்ந்தது. உள்ளே கம்பி முனைகளில் பச்சை படிந்திருந்தது. உப்புக் காற்றுக்குத் தாக்குப்பிடிக்கும் உலோகம், வருடாந்தக் கழுவுதல், தீவிலேயே வைத்திருக்க வேண்டிய உதிரிப்பாகங்களின் பட்டியல் என்பவை கேள்விப்பத்திரத்தில் (டெண்டரில்) இல்லாவிட்டால் குறைந்த விலை கேட்டவர் அவற்றைத் தரப்போவதில்லை. தேவையை மதிப்பிடும்போது வீட்டு மின்குமிழ்களை மட்டும் எண்ணுவதும் போதாது. நண்டும் கணவாயும் பிடிக்கும் ஊரில் ஐஸ் தேவை, கிணற்று நீர் உவரான ஊரில் நீர் சுத்திகரிப்புத் தேவை. இவை பகல் வெயிலில் ஓடக்கூடிய வேலைகள். பகலுக்கு ஒரு சலுகைக் கட்டணம் இருந்தால் பற்றரியின் பாரமும் குறையும்.

கொள்வனவில் நேர்ந்த தவறுக்கு மற்றைய மூன்று தீவுகளே சாட்சி. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கான கலப்பு மின்திட்டம், ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில், 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. இந்தியா பாதுகாப்புக் கவலையை எழுப்ப, அவ்வருட இறுதியில் வேலை நிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில் இந்திய நன்கொடைக்கான உடன்படிக்கையும் 2024 மார்ச்சில் ஒப்பந்தமும் கைச்சாத்தாயின: 530 கிலோவாற் காற்று, 1,700 கிலோவாற் சூரிய ஒளி, 2,400 கிலோவாற் மணி பற்றரி, 2,500 கிலோவாற் காத்திருப்பு டீசல். இரண்டு ஒப்பந்தங்களுக்கும் இடையில் மூன்று வருடங்கள் போயின. அந்த இடைவெளிக்குள்தான் 2022இன் எரிபொருள் தட்டுப்பாடும் வந்தது. இத்தகைய அரசியல் ஆட்சேபங்களைக் கேள்வி கோருவதற்கு முன்பே தீர்த்துக்கொள்ளும் படிமுறை இருந்திருக்க வேண்டும்.

காணியைப் பற்றி வெளியூர் வல்லுநர்கள் எழுதும் வழிகாட்டிகளில் எங்கள் சிக்கல் இருக்காது. தீவகத்துக் காணிகள் பலவற்றின் உரிமையாளர்கள் கனடாவிலும் பாரிஸிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். ஓர் உறுதியில் ஏழெட்டுப் பங்காளிகள் இருப்பது சாதாரணம். யாழ்ப்பாணத் தமிழருக்குரிய வழமைச் சட்டமான தேசவழமையின் கீழ் வரும் காணியில் ஒருவர் தன் பங்கை விற்க முனைந்தால், பங்காளிகளுக்கும் வாரிசுரிமை உள்ளவர்களுக்கும் முன்கொள்வனவு உரிமை, அதாவது மற்றவர்களுக்கு முன் வாங்கும் உரிமை, உண்டு. முறையான அறிவித்தல் கொடுக்காமல் வாங்கிய காணியில் காற்றாலை எழுந்தபின் வழக்கு வந்தால் திட்டமே முடங்கும். கரையிலிருந்து 300 மீற்றருக்குள் அமையும் எதற்கும் கரையோரப் பாதுகாப்பு அனுமதியும் தேவைப்படும். இரண்டுக்கும் ஆகும் காலத்தைத் திட்ட அட்டவணையில் முதலிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, தகவல். மின் எத்தனை மணி நேரம் தடைப்பட்டது, டீசல் எத்தனை மணி நேரம் ஓடியது, பற்றரிக் கணக்கில் எவ்வளவு பணம் சேர்ந்திருக்கிறது என்பவற்றை அறிக்கையாகக் கொழும்புக்கு அனுப்புவதோடு பல விதிகள் நின்றுவிடுகின்றன. அதே விபரத்தை மாதம் ஒரு தடவை தமிழில், பெரிய எழுத்தில், முறைப்பாட்டுத் தொலைபேசி இலக்கத்துடன், தீவின் இறங்குதுறைப் பலகையில் ஒட்ட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால், படகுக்குக் காத்திருக்கும் அரைமணி நேரத்தில் ஊர் முழுவதும் அதை வாசித்துவிடும்.