ஷபாத் விளையாட்டுப் பெட்டி: வெள்ளிக்கிழமையே ஆயத்தம் செய்யும் முறை

ஜெருசலேமில் ஒரு மூதாட்டியைப் பராமரிக்கும் வேலைக்கு நான் இலங்கையிலிருந்து வந்த புதிதில், சனிக்கிழமை என்றாலே கலக்கமாக இருக்கும். வெள்ளி மாலை தொடங்கிச் சனி இரவு வரை நீளும் யூதர்களின் ஓய்வுநாள்தான் ஷபாத். பேரப்பிள்ளைகள் ஐவர் வந்து பொழுது சாயும்வரை இருப்பார்கள். அவர்களுக்கு எதை எடுத்துக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பது எனக்கு விளங்கவில்லை. யூதச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது என்றாலும், பிள்ளைகள் விளையாடும் பெட்டி அவர்களுடையது. ஆகவே முறையைத் தெரிந்துகொள்வது நல்லது. விளக்கையும் அடுப்பையும் தொடும் விஷயம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் வேலை, வெள்ளி மதியமே பெட்டியைக் கொட்டிப் பார்ப்பது. ஜெருசலேமில் சூரியன் மறைய 40 நிமிடம் இருக்கும்போதே ஷபாத்தை வரவேற்று மெழுகுவர்த்தி ஏற்றும் நேரத்தை அறிவிக்கும் சங்கு ஒலித்துவிடும். அதன் பிறகு அவசரப்பட்டுப் பயனில்லை. யூதரின் பழைய சட்ட நூலான மிஷ்னா, ஷபாத்தில் செய்யக் கூடாதவை என்று பட்டியலிடும் 39 வகை வேலைகளில் எழுதுதல், அழித்தல், வெட்டுதல், தைத்தல் ஆகியவையும் அடங்குவதால், பென்சில், வர்ணக் குச்சி, கத்தரிக்கோல், பசை, விளையாட்டுக் களிமண் எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துவிடுங்கள். புதிய ஆட்டமென்றால், உறையைக் கிழிப்பதையும் அட்டையிலிருந்து காய்களைப் பிய்த்தெடுப்பதையும் அப்போதே முடித்துவிட வேண்டும். பாட்டரியில் ஓடும் பொம்மைகள் வேண்டாம்.

அடுத்தது புள்ளிக் கணக்கு. எழுத முடியாது என்பதால், தடித்த பழைய சமையல் புத்தகம் ஒன்றையும் ஆளுக்கொரு நிற நாடாவையும் பெட்டியில் போட்டு வையுங்கள். எட்டு வயதுப் பேத்தி 47 புள்ளி எடுத்தால் 47ஆம் பக்கத்தில் தன் சிவப்பு நாடாவைச் செருகுவாள். தம்பி எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளிப்பான்.

லெகோ என்னும் பொருத்து கட்டைகளைப் பொறுத்தவரை, ரபிகள் எனப்படும் யூத மத குருமாரிடையே ஒருமித்த கருத்து இல்லை. கட்டியதைச் சற்று நேரத்தில் கலைத்துவிடுவதால் அது கட்டுமானம் ஆகாது என்று அனுமதிப்போரும், இறுகப் பொருந்துவதால் கூடாது என்போரும் உண்டு. வீட்டாரைக் கேட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், ஒன்றன்மேல் ஒன்றாகச் சும்மா அடுக்கும் மரக் கட்டைகளே மேல்.

இனி, என்னைத் தடுக்கி விழவைத்த படிக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை மாலை இரண்டு படப்புதிர்களின் துண்டுகள் விரிப்பில் ஒன்றாகக் கலந்து கிடந்தன. கெட்டிக்காரத்தனமாக, "கப்பல் துண்டுகளை இந்தப் பெட்டியிலும், யானைத் துண்டுகளை அந்தப் பெட்டியிலும் பிரித்துப் போடுங்கள்" என்று பிள்ளைகளிடம் சொன்னேன். மூத்தவன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். மூதாட்டி சிரித்தபடி என்னிடம் கேட்ட கேள்வியை இன்றும் மறக்கவில்லை: "இப்போது விளையாடவா, நாளைக்கு ஒழுங்காக இருக்கவா?"

கலந்து கிடப்பதைத் தரம் பிரிப்பது, போரேர் எனப்படும் தடைசெய்யப்பட்ட வேலை. வேண்டியதை, கையாலேயே, உடனடிப் பயன்பாட்டுக்காக எடுத்தால் மட்டுமே அது ஏற்கப்படும். அதனால் விளையாடும்போது தேவையான துண்டைத் தேடி எடுக்கலாம்; ஆட்டம் முடிந்த பிறகு பின்னொரு நாளுக்காகப் பிரித்து அடுக்கக் கூடாது. இதற்கு நான் கண்ட வழி எளியது: வெள்ளிக்கிழமை ஒவ்வோர் ஆட்டத்தையும் தனிப் பெட்டியில் வைப்பேன், சனிக்கிழமை மாலையில் எல்லாவற்றையும் ஒரே பெரிய பிரம்புக் கூடையில் அள்ளிப் போடச் சொல்வேன். வானில் மூன்று விண்மீன்கள் தெரிந்து ஷபாத் முடிந்த பிறகு கூடையைக் கவிழ்த்துப் பிரித்துக்கொள்ளலாம். கண்ணாடி மூடி போட்ட அழகான அறைப் பெட்டிகளை வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். அவை பிரித்து அடுக்கத்தான் தூண்டும்.

பின்சேர்க்கை: பந்தைப் பற்றி வாசகர்கள் இருவர் கேட்டதால் இதைச் சேர்க்கிறேன். 1565இல் வெனிஸில் அச்சான ஷுல்கான் அருக் என்னும் சட்டத் தொகுப்பில் யோசேப் காரோ பந்து விளையாடுவதைத் தடுக்கிறார். அதற்கு உரைக்குறிப்பு எழுதிய கிராக்கோ நகரத்து மோசே இசர்லேஸ் அனுமதிக்கிறார். ஆகவே உங்கள் வீட்டார் காரோவின் வழி நடக்கும் செபார்டிய யூதரா, இசர்லேஸின் வழி நடக்கும் அஷ்கெனாசிய யூதரா என்பதைப் பொறுத்து விடை மாறலாம். மண் தரையில் உருட்டும் ஆட்டங்களைப் பொறுத்தவரை தயக்கம் இன்னும் பழையது: கொட்டைகளை உருட்டி விளையாடுவோர் குழிகளை நிரவிவிடக்கூடும் என்று மிஷ்னாவை விரித்துரைக்கும் தால்முத் அஞ்சுகிறது. ஊரில் போளை அடிக்கும் முன் நாம் காலால் மண்ணைத் தேய்த்துச் சமன் செய்வோமே, அந்த அச்சம்தான் இது. மேசைமேல் உருட்டினால் இந்தச் சிக்கல் எழாது. ஓரத்தில் ஒரு துவாயைச் சுருட்டி வைத்தால் கொட்டைகள் கீழே விழவும் மாட்டா.