304 விளையாட்டைப் புதியவருக்குக் கற்றுக்கொடுக்கும் முறை

தென்மேல் பருவமழை இலங்கையின் ஹட்டன் பக்கத்து மலைகளை மூடிவிடும் ஜூன், ஜூலை மாதங்களில், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பாய் விரித்து 304 என்ற சீட்டாட்டத்தை ஆடுவோரைச் சுற்றிப் பிள்ளைகள் ஆவலோடு அமர்ந்து பார்ப்பார்கள். அவர்கள் கையில் சீட்டைக் கொடுத்தாலோ, இரண்டாம் ஆட்டத்திலேயே எழுந்து போய்விடுவார்கள். எத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்பது, மற்ற இனங்களை வெட்டும் இனமான துரும்பைக் கவிழ்த்து வைப்பது, புள்ளிகளை எண்ணுவது ஆகிய அனைத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதே இதற்குக் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். சீட்டுகளின் வரிசை மனதில் பதியும் வரை மற்றவற்றை ஒதுக்கி வைக்க வேண்டும்.

52 சீட்டுகள் கொண்ட கட்டிலிருந்து 2 முதல் 6 வரையுள்ள 20 சீட்டுகளையும் எடுத்துவிட்டு, எஞ்சிய 32இல் ஆட்டின் (ஹார்ட்ஸ்) இனத்துச் சீட்டுகள் எட்டை மட்டும் பாயில் வரிசையாக வையுங்கள். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2; கடைசியில் நிற்கும் எட்டுக்கும் ஏழுக்கும் புள்ளி இல்லை. ஓர் இனத்துக்கு 76, நான்கு இனங்களுக்கு 304 என்ற கூட்டலைக் கற்பவரே செய்யட்டும். விளையாட்டின் பெயர் வந்த வழியைத் தானே கண்டுபிடித்தவர் அந்த எண்களை எளிதில் மறப்பதில்லை.

என் சித்தப்பா மகள் முதல் நாளில் ஏஸ்தான் பெரியது என்று நம்பி அதை இறக்கினாள். எதிரணியின் ஒன்பது அதன்மேல் விழுந்து, அவ்விரு சீட்டுகளிலேயே 31 புள்ளிகள் போய்விட்டன. அதற்குப் பின்பு, பயிற்சிப் புத்தகத் தாளில் வரிசையை எழுதி அவள் முழங்காலுக்கு அருகில் வைத்தேன். புதியவர் எவருக்கும் அப்படி ஒரு தாள் இருப்பது நல்லது.

அடுத்து, எதிரெதிரே இருப்பவர்கள் ஒரே அணியாகும்படி நால்வரை அமர்த்தி, வலப்புறமாக நான்கு நான்கு சீட்டுகள் போடுங்கள். பங்கிட்டவரின் வலப்பக்கத்தவர் தம் நான்கு சீட்டுகளை மட்டும் பார்த்து, எல்லோரும் கேட்கும்படி துரும்பைச் சொல்லட்டும். பிறகு மீதி நான்கையும் போட்டு, அவரே ஆட்டத்தைத் தொடங்கட்டும். இறக்கிய இனம் கையில் இருந்தால் அதையே போட வேண்டும். இல்லையென்றால் துரும்பால் வெட்டலாம், அல்லது வேறொன்றைக் கழிக்கலாம். 152 சரிபாதி என்பதால், அதற்கு மேல் எடுத்த அணி வென்றதாகக் கொள்ளுங்கள். முதல் இரண்டு ஆட்டங்களைச் சீட்டுகளை விரித்து வைத்தே ஆடி, ஒவ்வொரு முறையும் "ஏன் இதை இறக்கினாய்?" என்று பொறுமையாகக் கேளுங்கள்.

தன் கூட்டாளி ஜாக்கியால் பிடிக்கப்போகும் சுற்றில், கற்பவர் யாரும் சொல்லாமலே தன் பத்தைப் போடத் தொடங்கினால், புள்ளி கேட்பதற்கு அவர் தயாராகிவிட்டார். கவிழ்த்த துரும்பைக் கடைசியாகவே சேர்க்க வேண்டும். துரும்பு எது என்று தெரியாமல் ஊகித்து ஆடும் அந்தச் சுகம், வரிசையைத் தேடித் தாளைப் பார்க்கத் தேவையில்லாதவருக்கே கிடைக்கும்.