பார்மட் அடிப்பதற்கு முன்: பழைய லேப்டாப்பில் கறுப்புத்திரை லினக்ஸ் போடுபவர்களுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுத் திண்ணையில் மூன்று பழைய லேப்டாப்கள் வரிசையாகத் திறந்து கிடந்தன. பக்கத்துத் தெருப் பையன்கள், மூவரும் பாலிடெக்னிக் படிக்கிறார்கள். ஒன்று அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்தது. மூடியில் ஒட்டியிருந்த முத்திரை பாதி உரிந்துவிட்டது. மற்ற இரண்டும் செகண்ட் ஹேண்டில் வாங்கியவை. மூன்றிலும் டெபியன் லினக்ஸ் போட வேண்டும், டெஸ்க்டாப் எதுவும் வேண்டாம், வெறும் கட்டளைத் திரை போதும் என்று வந்தார்கள். நல்ல முடிவுதான். 2 ஜிபி ரேம் வைத்துக்கொண்டு இன்றைய டெஸ்க்டாப்பைச் சுமப்பதைவிட, 200 எம்பிக்குள் அடங்கும் கறுப்புத்திரை எவ்வளவோ மேல்.

மாலைக்குள் நான் பல வருடங்களாகச் செய்து முடித்த தவறுகளில் பாதியை அவர்கள் ஒரே நாளில் செய்து காட்டிவிட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். பென்டிரைவுக்குப் பதிலாக வேறு டிஸ்க்கில் இமேஜை எழுதிவிடாதீர்கள், சார்ஜரைச் செருகிக்கொள்ளுங்கள் போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

32 பிட்டா, 64 பிட்டா என்று பார்க்காமல் இறக்குவது

2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் கணினிகளுக்கான இன்ஸ்டாலர் கிடையாது. உங்களிடம் இருப்பது இன்டெல் ஆட்டம் என்270 சில்லு வைத்த அந்தக்கால நெட்புக் என்றால் டெபியன் 12-தான் கதி. அதிலேயே என்450 என்றால் 64 பிட் ஓடும். பார்க்க இரண்டும் ஒரே அளவு, ஒரே பிளாஸ்டிக், ஒரே கிறீச் சத்தம். மூடியைப் பார்த்து முடிவு செய்யாமல் சில்லின் பெயரைப் பாருங்கள்.

வைஃபையை நம்பி உட்காருவது

2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர்கள் (வைஃபை கார்டு போன்றவை இயங்கத் தேவையான உள் மென்பொருள்கள்) இன்ஸ்டாலரோடு சேர்ந்தே வருகின்றன. முன்பு இருந்த தலைவலியில் முக்கால்வாசி அதோடு போயிற்று. மிச்சம் கால்வாசி பழைய பிராட்காம் சில்லுகளில் இருக்கிறது. அவற்றின் ஃபர்ம்வேரை டெபியன் தன் கையால் கொடுக்க உரிமம் இடம் தருவதில்லை. அதனால் அதற்கென்று உள்ள தொகுப்பு, நிறுவும்போது இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். இணையம் வர ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேர் வர இணையம் வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்.

லேன் கேபிள் இருந்தால் அதைச் செருகுங்கள். இல்லாவிட்டால் ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, போன் அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். இன்ஸ்டாலர் அதை ஒரு லேன் கார்டு போலவே எடுத்துக்கொள்ளும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிளை மாட்டிவிட்டு அரைமணி நேரம் முழித்தவன் நான், அதனால் கேபிளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்து வைஃபைக்கு மாறும்போது இன்னொரு குழி இருக்கிறது. நெட்வொர்க் மேனேஜரை நிறுவி, என்எம்டியூஐ என்று அடித்தால் அழகாகப் பட்டியல் வரும். ஆனால் இன்ஸ்டாலர் தன் பங்குக்கு இன்டர்ஃபேசஸ் கோப்பில் வைஃபை கார்டின் பெயரை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தால், நெட்வொர்க் மேனேஜர் அந்தக் கார்டைத் தொடவே தொடாது. அங்கே அந்த வரிகளின் தலையில் ஒரு ஹேஷ் (#) குறி போட்டுச் செயலிழக்கச் செய்தால் சரியாகிவிடும்.

ஸ்பேஸ் பாரை அழுத்த மறப்பது

எந்த மென்பொருள்கள் வேண்டும் என்று இன்ஸ்டாலர் கேட்கும் பக்கத்தில் டெஸ்க்டாப்பும் அதில் ஒரு வகையான க்னோமும் முன்பே தேர்வாகி இருக்கும். இரண்டையும் ஸ்பேஸ் பாரால் எடுத்துவிட்டு, வேறு கணினியிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச் சர்வரையும் அடிப்படைக் கருவிகளையும் மட்டும் வையுங்கள். திண்ணையில் ஒருவன் வேகமாக என்டரைத் தட்டிவிட்டான். போன் டேட்டா ஒரு நாளைய கணக்கு அத்தோடு தீர்ந்தது.

ஒரு வரிக்காக ஒரு வீட்டை இடிப்பது

இதைப் பற்றித்தான் நான் எழுதவே உட்கார்ந்தேன்.

நம் ஊரில் கணினிக்கு எது வந்தாலும் ஒரே மருந்து: பார்மட் அடி. மெதுவாக ஓடுகிறதா, பார்மட். சத்தம் வரவில்லையா, பார்மட். கடைக்காரர் அதற்குத்தான் காசு வாங்கினார், நாமும் அதைப் பார்த்தே வளர்ந்தோம். லினக்ஸுக்கு வந்த பிறகும் அந்தக் கை சும்மா இருப்பதில்லை.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு பழைய லேப்டாப்பில் இதே மாதிரி டெபியன் போட்டு, டிவி மேஜைக்குக் கீழே வைத்து, வீட்டுக்கான கோப்பு சர்வராக ஓட்டிக்கொண்டிருந்தேன். என் அக்கா கணக்கு டியூஷன் எடுப்பவள். நான்கு வருடமாக அவள் தட்டச்சு செய்த கேள்வித்தாள்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. இதற்கெல்லாம் ஒரு பிரதி வேண்டுமே என்று பொறுப்பாக ஒரு வெளி யூஎஸ்பி டிஸ்க்கை வாங்கி, கணினி எழும்போதே அதுவும் சேர்ந்து இணையட்டும் என்று எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி எழுதினேன். பிரதி எடுக்கும் ஸ்கிரிப்டை அந்த வாரக் கடைசியில் எழுதலாம் என்று விட்டுவைத்தேன்.

நடுவில் ஒரு நண்பனுக்குப் படங்கள் கொடுக்க அந்த டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போனேன். அன்று மின்சாரம் போனது. லேப்டாப் பேட்டரி எப்போதோ செத்துவிட்டதால் இதுவும் அணைந்தது. இரவு வந்து ஆன் செய்தால் எழவில்லை. ஏதோ ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்லி, சிவப்பு நட்சத்திரங்கள் இடமும் வலமும் ஓட, ஒன்றரை நிமிடம் எண்ணியது. பிறகு அவசரநிலையில் இருக்கிறீர்கள் என்றது. அதற்குக் கீழே, ரூட் (நிர்வாகி) கணக்கு பூட்டியிருப்பதால் கன்சோலைத் திறக்க முடியாது, தொடர என்டரை அழுத்துங்கள் என்றது. அழுத்தினேன். மறுபடியும் அதே வரி. மறுபடி என்டர், மறுபடி அதே வரி.

சிஸ்டம் போச்சு என்று முடிவு கட்டினேன். பென்டிரைவைச் செருகி, முழு டிஸ்க்கையும் பயன்படுத்து என்பதைத் தேர்ந்தெடுத்து, புதிதாக நிறுவினேன். முக்கால் மணி நேரத்தில் எல்லாம் பளிச்சென்று எழுந்தது. அப்போதுதான் கேள்வித்தாள்கள் நினைவுக்கு வந்தன. கொஞ்சம் தோண்டி எடுத்தேன். பெயர் இல்லாத, பாதி உடைந்த கோப்புகள் சில கிடைத்தன. அக்கா ஒரு வாரம் பேசவில்லை. இன்றும் பரீட்சை சீசன் வந்தால், "தம்பி, அந்த முக்கோணவியல் தாள் எங்கே இருக்கு?" என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்பாள்.

என்ன நடந்தது என்று பிறகு புரிந்தது. எஃப்எஸ்டேப்பில் ஒரு டிஸ்க்கை எழுதிவிட்டால், அது இல்லாமல் இந்தக் கணினி இயங்கக் கூடாது என்று நாம் ஆணையிட்டதாகவே, கணினியை எழுப்பும் நிரலான சிஸ்டம்டி எடுத்துக்கொள்கிறது. 90 விநாடி காத்திருக்கும், வராவிட்டால் அவசரநிலைக்குப் போய்விடும். அங்கே ரூட் கடவுச்சொல்லைக் கேட்கும். நான்தான் நிறுவும்போது ரூட் கடவுச்சொல்லைக் காலியாக விட்டிருந்தேனே! அப்படி விட்டால் டெபியன் ரூட் கணக்கைப் பூட்டிவிட்டு, முதல் பயனருக்கு சூடோ உரிமையை, அதாவது நிர்வாகி வேலைகளைச் செய்யும் உரிமையைத் தரும். அன்றாட வேலைக்கு அது நல்ல ஏற்பாடுதான், நானும் இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன். ஆனால் இரண்டும் சேர்ந்தால் வீட்டுக்குள் நுழைய வழியில்லாமல் வாசலில் நிற்க வேண்டும்.

சிஸ்டத்துக்கு ஒன்றுமே ஆகவில்லை. அந்த டிஸ்க் அதே அறையில், என் பையில் இருந்தது. அதைச் செருகி மறுபடி ஆன் செய்திருந்தால் போதும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் எரிச்சலாக வருகிறது.

டிஸ்க் கையில் இல்லாவிட்டாலும் இரண்டு நிமிட வேலைதான். கணினி எழும்போது முதலில் காட்டும் கிரப் பட்டியல் வரும்போது ஈ விசையை அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசிக்குப் போய், ஓர் இடைவெளி விட்டு, இனிட் சமம் /பின்/பாஷ் என்பதைச் சேருங்கள். கன்ட்ரோலும் எக்ஸும் அழுத்தினால் கடவுச்சொல் கேட்காமல் நேராக ரூட்டாக உள்ளே போய்விடுவீர்கள். மூல அடைவு அப்போது படிக்க மட்டுமே திறந்திருக்கும். மவுண்ட் கட்டளையில் ரீமவுண்ட், ஆர்டபிள்யூ என்ற தெரிவுகளைக் கொடுத்து அதை எழுதக்கூடியதாக்குங்கள். நானோ எடிட்டரில் எஃப்எஸ்டேப்பைத் திறந்து, வம்பு செய்யும் வரியின் தலையில் ஹேஷ் போட்டுச் சேமியுங்கள். சிங்க் என்று ஒருமுறை அடித்துவிட்டு, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி ஆன் செய்யுங்கள்.

இந்த நிலைக்கே போகாமல் இருக்க, கழற்றக்கூடிய எந்த டிஸ்க்குக்கும் எஃப்எஸ்டேப் வரியில் நோஃபெயில் என்ற சொல்லைச் சேருங்கள். அது இருந்தால், டிஸ்க் வராவிட்டாலும் கணினி தன் வழியில் எழுந்துவிடும். எஸ்டிபி1 மாதிரிப் பெயர்களை எழுதாதீர்கள். இன்று எஸ்டிபியாக இருப்பது நாளை வேறொரு பென்டிரைவ் செருகியிருந்தால் எஸ்டிசியாகிவிடும். பிஎல்கேஐடி கட்டளை காட்டும் யூயூஐடியை (டிஸ்க்கின் மாறாத அடையாள எண்ணை) எழுதுங்கள். எழுதி முடித்ததும் ரீபூட் செய்து பார்க்கலாம் என்று கிளம்பாமல், முதலில் ஃபைண்ட்எம்என்டி கட்டளையை வெரிஃபை தெரிவோடு ஓட்டுங்கள், பிறகு மவுண்ட் கட்டளையை ஏ தெரிவோடு. தப்பு இருந்தால் அங்கேயே சொல்லிவிடும். நீங்களும் இன்னும் உள்ளேதான் இருப்பீர்கள்.

அப்படியும் புதிதாகத்தான் நிறுவ வேண்டும் என்றால், அதே பென்டிரைவின் மேம்பட்ட தெரிவுகளில் மீட்புப் பயன்முறை இருக்கிறது. முதலில் அதில் நுழைந்து கோப்புகளை வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கோப்புகள் இருக்கும் ஹோமுக்குத் தனிப் பகிர்வு ஒதுக்கியிருந்தால் இன்னும் நிம்மதி. நிறுவும்போது அதை மட்டும் பார்மட் செய்யாமல் விட்டுவிடலாம்.

திண்ணையில் இந்தக் கதையைச் சொல்லி முடித்த அரைமணி நேரத்தில் ஒருவன் கூப்பிட்டான்: "அண்ணா, லாகின் ஆகல, மறுபடி பார்மட் போட்டுடவா?" போய்ப் பார்த்தால் கேப்ஸ் லாக் ஆனில் இருந்தது. அந்த லேப்டாப்பில் அதற்கான விளக்கு எரிவதில்லை.

மூடியைச் சாத்தியதும் தூங்கிவிடுகிறது

சர்வராக ஓட்டப்போகிறோம் என்று மூடியைச் சாத்தி அலமாரியில் வைப்பார்கள். ஐந்து நிமிடத்தில் எஸ்எஸ்எச் வேலை செய்யவில்லை என்பார்கள். லாகின்டி அமைப்புக் கோப்பில் ஹேண்டில் லிட் ஸ்விட்ச் என்று ஒரு வரி ஹேஷோடு கிடக்கும். ஹேஷை எடுத்துவிட்டு, மதிப்பை இக்னோர் என்று மாற்றி ரீபூட் செய்யுங்கள். இதோடு விட்டால் மூடிக்குள் திரை இரவு பகலாக எரிந்துகொண்டிருக்கலாம். கிரப் அமைப்பில் கெர்னல் தெரிவுகள் இருக்கும் வரியில் கன்சோல்பிளாங்க்=60 என்று சேர்த்து, அப்டேட்-கிரப் ஓட்டினால் ஒரு நிமிடத்தில் திரை இருண்டுவிடும்.

தேதியைப் பார்க்காமல் ரெப்போவை (மென்பொருள் கிடங்கை) திட்டுவது

பழைய லேப்டாப்பில் மதர்போர்டு செல் செத்திருக்கும். ஆன் செய்தால் தேதி 2009-இல் நிற்கும். ஏபிடி அப்டேட் கொடுத்தால், ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்று விநோதமாக ஏதோ சொல்லும். எச்டிடிபிஎஸ் தளங்கள் சான்றிதழ் சரியில்லை என்று கதவைச் சாத்தும். தேதியைச் சரிசெய்தால் இரண்டும் அடங்கிவிடும். செல் பெரும்பாலும் சிஆர்2032, வாட்ச் கடையிலேயே கிடைக்கும். சில லேப்டாப்களில் அது சிறு வயரும் பிளக்கும் வைத்து, உறை போட்டு வரும். திறந்து பார்த்துவிட்டு வாங்கப் போங்கள்.

கன்ட்ரோல் எஸ்

விம் எடிட்டரில் சேமிக்கிறேன் என்று பழக்கதோஷத்தில் அழுத்தினால் திரை உறைந்துவிடலாம். கன்ட்ரோல் க்யூ அழுத்துங்கள். ரீபூட் வேண்டாம்.

கட்டளைத் திரையில் தமிழைத் தேடுவது

லினக்ஸின் வெறும் கன்சோலில் தமிழ் வராது. அதன் எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவங்களுக்குத்தான் இடம், கொம்பையும் காலையும் உரிய இடத்தில் சேர்க்கும் திறமையும் அதற்கில்லை. தமிழில் பெயர் வைத்த கோப்புகள் கட்டங்களாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். போனிலிருந்தோ வேறு கணினியிலிருந்தோ எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து பாருங்கள், பெயர் தமிழிலேயே இருக்கும். எழுத்துகள் அங்கே கொஞ்சம் இடித்துக்கொண்டு நிற்கலாம், ஆனால் படித்துவிடலாம்.

உபுண்டுவின் பிபிஏவை (உபுண்டுவுக்கென்று தனி நபர்கள் வைக்கும் மென்பொருள் கிடங்கை) டெபியனில் சேர்ப்பது

வேண்டாம்.

உப்பிய பேட்டரி

டச்பேட் மேலெழும்பி இருந்தால் இன்ஸ்டாலேஷனைத் தள்ளிவையுங்கள். முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள்.