முதல் ஏர் ரைஃபிளை உங்கள் உடம்புக்குப் பொருத்துவது எப்படி?

புது ரைஃபிள் வாங்கியவர்கள் பெட்டியைப் பிரித்த கையோடு கேட்கும் கேள்வி, “எந்த ஸ்கோப் மாட்டலாம்?” என்பதுதான். எதையும் மாட்ட வேண்டாம். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதியே கிடையாது. முதல் ஆறு மாதத்துக்கு உங்களுக்குத் தேவைப்படுவது ஒரு செட் ஆலன் கீ, பென்சில், ஒரு நோட்டு, கொஞ்சம் ரப்பர் ஷீட். ரைஃபிள் உங்கள் உடம்பைத் தேடி வர வேண்டும். உங்கள் கழுத்தும் தோளும் அதைத் தேடிப் போகக் கூடாது. கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒன்றுக்காகத்தான்.

களியக்காவிளை, பாறசாலை, மார்த்தாண்டம் பக்கம் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் பக்கத்தில் கைக்கெட்டும் பெரிய சுடுதளம் திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில் இருக்கிறது. 2015 தேசிய விளையாட்டுப் போட்டியின் துப்பாக்கிச் சுடுதல் அங்கேதான் நடந்தது. என்.சி.சி. முகாமில் .22 ரைஃபிளைத் தொட்டுப் பார்த்து ஆசை வந்தவர்கள் நம்மிடையே நிறைய. .22-க்கு ஆயுத உரிமம் கட்டாயம். துளை 4.5 மி.மீட்டருக்கும், குழல் வாயில் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத ஏர் ரைஃபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. மத்திய அரசின் விதி என்பதால் தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இப்புறம் அப்புறம் என்ற வேறுபாடு இல்லை. ஆனாலும் பஸ்ஸில் கொண்டுபோகும்போது குண்டு இல்லாமல், பூட்டிய பெட்டியில், ரசீதின் நகலோடு கொண்டுபோங்கள். சோதனைச் சாவடியில் நின்று சட்டம் பேசுவதைவிட ரசீதை நீட்டுவது சுலபம்.

தொடங்கும் முன்

வீட்டில் 10 மீட்டர் நேர்கோடு கிடைத்தால் போதும். பின்னால் வெட்டுக்கல் சுவர், அதற்கு முன்னால் குண்டு பிடிக்கும் இரும்புப் பெட்டி, பக்கவாட்டில் யாரும் குறுக்கே வர முடியாத அமைப்பு. ரப்பர் தோட்டத்தில் மரத்துக்கு மரம் அட்டை கட்டிச் சுடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேண்டவே வேண்டாம். விடிவதற்கு முன்பே பால் வெட்ட ஆள் வந்துவிடும் இடம் அது. வட்டமான மரத்தில் பட்ட ஈயம் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. பறவை, அணில் பக்கம் குழலைத் திருப்புவதும் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் சட்டம் அல்ல. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பாடு. பெல்லட் எனப்படும் ஏர் ரைஃபிள் குண்டு ஈயம்.

இனி வரும் ஒவ்வொரு படியிலும் ரைஃபிள் காலியாக இருக்க வேண்டும். குழல் சுவரைப் பார்த்திருக்க வேண்டும்.

படி 1: இருப்பதைக் குறித்து வையுங்கள்

எந்தத் திருகையும் தொடுவதற்கு முன் பட் பிளேட் (தோளில் அமரும் பின்தகடு), கன்னக்கட்டை (கன்னம் சாயும் பகுதி), விசை (டிரிகர்) ஆகியவை இப்போது நிற்கும் இடங்களில் பென்சிலால் மெல்லிய கோடு போடுங்கள். செல்போனில் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். விசையிலிருந்து பட் பிளேட் வரை உள்ள நீளத்தை (பின்கட்டையின் நீளம் இதுதான்) அளந்து நோட்டில் எழுதுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் திரும்பிப் போக வழி தெரியாமல் திருகுகிறவர்கள் ஒரு வாரத்தில் ரைஃபிளையே குறை சொல்லத் தொடங்குவார்கள்.

படி 2: பின்கட்டையின் நீளம்

முழங்கையை மடக்கி, அதன் உள்மடிப்பில் பட் பிளேட்டை வையுங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையைத் தொட்டால் நீளம் ஏறக்குறைய சரி. இது பழங்காலத்துச் சோதனை, தொடக்கத்துக்கு மட்டும். உண்மையான சோதனை நின்று பார்ப்பதில் இருக்கிறது. ரைஃபிளைத் தூக்கித் தோளில் வைத்தால் கண்ணுக்கும் பின் சைட்டுக்கும் (கண்ணுக்கு அருகே, துளை வழியே குறிபார்க்கும் பாகம்) நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். அதற்காகக் கழுத்தை முன்னால் நீட்ட வேண்டியிருந்தால் பின்கட்டை நீளம். மூக்கு பின் சைட்டில் இடித்தால் குட்டை.

நீளத்தை மாற்றும் வசதி இல்லாத மரக்கட்டை ரைஃபிள் என்றால் பட் பிளேட்டுக்கும் கட்டைக்கும் நடுவே தகடு வைக்க வேண்டும். கடையில் வாங்கலாம். நம் ஊரில் அதைவிட நல்ல வழி உண்டு. பட் பிளேட்டைக் கழற்றிப் பழக்கமான ஆசாரியிடம் கொண்டுபோய், அதே வடிவத்தில் 5 மி.மீ. கனத்துக்கு அயினியில் இரண்டு மூன்று துண்டு சீவித் தரச் சொல்லுங்கள். எனக்குச் செய்து கொடுத்தவர் புது மரத்தைக் கையில் வாங்கவே இல்லை. “மக்களே, ஈரம் போகாத மரம் இது. இடிந்த வீட்டுக் கதவுச் சட்டம் ஏதாவது கிடந்தால் எடுத்து வா” என்றார். அவர் சொன்னது சரி. ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமழை பெய்யும் ஊரில் ஈர மரம் ஒரே அளவில் நிற்காது. அவசரத்துக்கு, உலர்ந்த ரப்பர் ஷீட்டை வெட்டி வைத்தும் ஒப்பேற்றலாம். ஆனால் அது அமுங்கும். அளவு முடிவானதும் மரத்துக்கு மாறிவிடுங்கள்.

படி 3: பட் பிளேட்டும் கன்னக்கட்டையும்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். எவ்வளவு என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

10 மீட்டர் இலக்கு அட்டையில் பத்து மதிப்பெண்ணுக்கான இடம் 0.5 மி.மீ. விட்டமுள்ள ஒரு புள்ளி. பெல்லட்டின் விட்டம் 4.5 மி.மீ. ஓரம் உரசினாலும் பத்து என்பதால், குண்டின் நடு, இலக்கின் நடுவிலிருந்து 2.5 மி.மீ. வரை விலகலாம். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 80 செ.மீ. இருப்பதாக வைத்துக்கொண்டால், பின் சைட்டில் 0.1 மி.மீ. பிசகு இலக்கில் 1.25 மி.மீ. ஆகிறது. ஆக, பார்வைக் கோடு அங்கே 0.2 மி.மீ. நகர்ந்தாலே பத்து கைவிட்டுப் போய்விடும். ஒவ்வொரு முறையும் கன்னம் வேறு வேறு இடத்தில் படுகிறவர் எந்த விலைக்கு ரைஃபிள் வாங்கினாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

முதலில் பட் பிளேட். நேராக நின்று, தலையை நிமிர்த்தி, ரைஃபிளைத் தோளுக்குக் கொண்டுவாருங்கள். சைட்டைப் பார்க்கத் தலை கீழே குனிகிறதா? அப்படியானால் பட் பிளேட்டைக் கீழே இறக்குங்கள். தோளில் அது அதே இடத்தில்தான் அமரும் என்பதால் ரைஃபிள் மேலே ஏறி வரும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

அடுத்தது கன்னக்கட்டை. கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளை எடுங்கள். கன்னத்தின் பாரம் முழுவதும் கட்டையில் இறங்கட்டும், தசையால் தாங்காதீர்கள். இரண்டு மூச்சு விட்டுவிட்டுக் கண்ணைத் திறங்கள். பின் சைட்டின் துளைக்குள் முன் சைட்டின் வட்டம் நட்டநடுவில், சுற்றிலும் ஒரே அளவு வெளிச்சத்தோடு தெரிய வேண்டும். முன் வட்டம் கீழே ஒதுங்கித் தெரிந்தால் உங்கள் கண் தாழ்வாக இருக்கிறது, கன்னக்கட்டையை உயர்த்துங்கள். மேலே ஒதுங்கினால் இறக்குங்கள். வலது கைக்காரருக்கு அது இடப்பக்கம் ஒதுங்கினால் கன்னக்கட்டையின் கனத்தைக் குறைக்க வேண்டும். வலப்பக்கம் ஒதுங்கினால் கூட்ட வேண்டும்.

கண்ணைத் திறந்த பிறகு தலையை அசைத்து நடுவுக்குக் கொண்டுவந்து “சரியாகத்தான் இருக்கிறது” என்று சொல்லிக்கொள்ளும் ஆசை எல்லோருக்கும் வரும். திருவிழாக் கடையில் பலூன் சுட்ட பழக்கம் அது. அங்கே கோணல் துப்பாக்கிக்கு நாம் வளைந்துகொடுத்தோம். இங்கே திருகைத்தான் அசைக்க வேண்டும். அரைச் சுற்று, மறுபடி கண்ணை மூடல், மறுபடி பார்த்தல். தொடர்ந்து பத்து முறை கண்ணைத் திறக்கும்போதும் வட்டம் நடுவில் தெரிந்தால் இந்தப் படி முடிந்தது. ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்பதில்லை. சோர்ந்த கழுத்து பொய் சொல்லும்.

கன்னக்கட்டையை நகர்த்த முடியாத ரைஃபிளில் பழைய சைக்கிள் டியூபை மடித்து, மேலே தோல் ஒட்டி உயரம் கூட்டலாம். போட்டிக்குப் போகும் முன் அது விதிக்கு உட்பட்டதா என்று சுடுதளத்தில் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

படி 4: கைகள்

வலது கை பிடியை இறுகப் பற்றக் கூடாது. நாற்காலிக் கையில் கை போடுவதைப் போலத் தளர்வாக இருக்கட்டும். விரல் நுனிச் சதை விசையில் படும்படி விசையை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். விரலின் பக்கவாட்டுச் சதை கட்டையை உரசினால் குண்டு பக்கவாட்டில் போகும்.

இடது முழங்கை இடுப்பெலும்பின் மேல் அமர வேண்டும். பாரத்தை எலும்பு வாங்கிக்கொள்ளும், புயத்துக்கு வேலை இருக்காது. கை குட்டையாக இருந்து முழங்கை இடுப்பை எட்டவில்லை என்றால் விரல்களை மடக்கி, அந்த முஷ்டியின் மேல் ரைஃபிளை வையுங்கள். இந்தப் போட்டியில் தோள்வாருக்கு இடமில்லை. உள்ளங்கைத் தாங்கி, கட்டைவிரல் நுழையும் துளை, நீர்மட்டக் குழாய் ஆகியவையும் கூடாது. இணையத்தில் அழகான துளைக் கட்டையைப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொட்டாதீர்கள். மொத்த எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. தொடக்கத்தில் முன்பாரம் எதையும் சேர்க்காமல் விடுங்கள்.

படி 5: விசை

10 மீட்டர் ஏர் ரைஃபிளில் விசைக்குக் குறைந்தபட்ச எடை (அதை இழுக்கத் தேவைப்படும் பலம்) என்று எதுவும் இல்லை. அதனாலேயே புதியவர்கள் தொட்டால் வெடிக்கும் அளவுக்கு இளக்கிவிடுகிறார்கள். வேண்டாம். தொழிற்சாலை வைத்த எடையிலேயே சில மாதம் சுடுங்கள். விசையை இழுக்கும்போது முதல் கட்டம் எங்கே முடிகிறது, இரண்டாம் கட்டம் எங்கே விழுகிறது என்பது விரலுக்குத் தெளிவாகத் தெரிந்த பிறகு, கையேட்டைப் பார்த்துக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் மாற்றுங்கள். மாற்றியதும் காலி ரைஃபிளின் விசையை ஏற்றி, பட் பிளேட்டை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டுங்கள். விசை தானாக விழுந்தால் இளக்கியது அதிகம்.

காற்று உருளை கொண்ட போட்டி ரைஃபிள்களில் குண்டில்லாமல் விசையைப் பழக ஒரு பொத்தான் இருக்கும். தினமும் கால் மணி நேரம் அதில் பழகலாம். சுருள்வில் ரைஃபிளில் அது கூடாது. குண்டு இல்லாமல் விட்டால் பிஸ்டன் தடுப்பின்றி அடித்து வாஷரைக் கெடுத்துவிடும்.

உருளையைப் பற்றி ஒரு வார்த்தை. கைப்பம்பில் நிரப்பினால் நம் ஊர்க் காற்றின் ஈரமும் சேர்ந்தே உள்ளே போகும்; ஈரம் உறிஞ்சும் வடிகட்டி இல்லாமல் நிரப்பாதீர்கள். இணைப்புகளில் தையல் மெஷின் எண்ணெயைத் தொடவே கூடாது. உயர் அழுத்தக் காற்றில் பெட்ரோலிய எண்ணெய் தீப்பிடிக்கும். கையேடு சொல்லும் சிலிக்கான் கிரீஸ் மட்டுமே. உருளையில் பொறித்த தேதி கடந்துவிட்டால் அதை மாற்றியே ஆக வேண்டும். பழைய ரைஃபிள் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தேதியைத்தான்.

படி 6: சைட்

முன் சைட்டில் போடும் வளையத்தைப் பெரிதாகவே தேர்ந்தெடுங்கள். இலக்கின் கறுப்பு 30.5 மி.மீ.; கண்ணுக்கு 90 செ.மீ. முன்னால் அது 2.7 மி.மீ. அளவுக்குத்தான் தெரியும். 3 மி.மீ. வளையம் போட்டால் கறுப்புக்கும் வளையத்துக்கும் நடுவே வெள்ளையே மிஞ்சாது. லேசான ஆட்டம்கூடப் பூதமாகத் தெரிந்து விரல் பயந்துவிடும். 4 மி.மீட்டரை ஒட்டித் தொடங்குங்கள். பின் சைட்டின் துளை 1.2 மி.மீ. இருக்கலாம்.

பிறகு ஐந்து குண்டு. குரூப் (ஐந்து குண்டும் விழுந்த கூட்டம்) எங்கே விழுந்தது என்பதைவிட அது எவ்வளவு நெருக்கம் என்பதை முதலில் பாருங்கள். சிதறிக் கிடந்தால் சைட்டைத் தொடாமல் படி 3-க்குத் திரும்புங்கள். நெருக்கமாக, ஆனால் ஓரமாக விழுந்திருந்தால் மட்டும் சைட். குண்டு போக வேண்டிய திசையில் பின் சைட்டை நகர்த்த வேண்டும். ஜெர்மன் ரைஃபிள்களின் குமிழில் இருக்கும் எழுத்துகள், குண்டு அந்தப் பக்கம் விழுந்தால் இப்படித் திருப்பு என்ற பொருளில் எழுதப்பட்டிருக்கும்; நாம் நினைப்பதற்கு நேர்மாறு. எனவே குமிழைப் பத்து கிளிக் (‘டிக்’ என்று நகரும் ஒவ்வொரு அளவும் ஒரு கிளிக்) திருப்பி, ஐந்து குண்டு சுட்டு, எத்தனை மி.மீ. எந்தப் பக்கம் நகர்ந்தது என்று நீங்களே அளந்து நோட்டில் எழுதுங்கள்.

உங்கள் கிளிக் உங்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதிச் சுற்றுக்கு முன்னால் அபினவ் பிந்த்ரா சுட்ட சோதனைக் குண்டு 4-இல் போய் விழுந்தது. இருந்த சில நிமிடங்களில் சைட்டைத் திருத்திக்கொண்டு சுட்டார். கடைசிக் குண்டு 10.8, கழுத்தில் தங்கம்.

படி 7: ஜாக்கெட் வந்த பிறகு

சுடும்போது உடம்பை நிலையாக வைக்கப் போடும் கான்வாஸ் ஜாக்கெட்டை அவசரப்பட்டு வாங்காதீர்கள். வாங்கும் நாளில், தோளில் அதன் கனம் கூடுவதால் பின்கட்டை சட்டென்று நீளமாகிவிடும். ஆசாரி சீவிக் கொடுத்த துண்டுகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு செய்யும் சோதனையை முதலிலிருந்து ஒருமுறை செய்யுங்கள். கன்னக்கட்டையும் ஓரிரு மி.மீ. நகர வேண்டியிருக்கும். புது அளவுகளை அன்றைய தேதியிட்டு நோட்டில் எழுதுங்கள். பழைய அளவுகளை அடிக்காமல் விடுங்கள். ஜாக்கெட் இல்லாமல் வீட்டில் பழகும் நாள்களுக்கு அவைதான் வேண்டும்.