டெல்லியிலிருந்து ஊருக்கு விமானத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? நீங்களே கணக்குப் போடலாம்

ரயில் தூரத்தை வைத்து விமான நேரத்தைக் கணக்குப் பண்ணாதீங்க. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சென்னைக்கு ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர் ஓடுகிறது, வான்வழியில் அதே இரண்டு ஊருக்கும் சுமார் 1,760 தான்.

தூரம் தெரிய கூகுள் மேப்ஸ் போதும். கணினியில் டெல்லி விமான நிலையத்தின் மேல் ரைட் கிளிக் செய்தால் தூரம் அளக்கும் வசதி வரும், அடுத்து போகிற ஊரின் விமான நிலையத்தைக் கிளிக் செய்யுங்கள், அவ்வளவுதான். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு அதுகூட வேண்டாம். டெல்லி விமான நிலையம் தீர்க்கரேகையில் 77.1, கோவை 77.04, அதாவது கிட்டத்தட்ட நேர் தெற்கே. அட்சரேகை 28.57-இல் 11.03 போனால் 17.54 டிகிரி, டிகிரிக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால் சுமார் 1,950. எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு இது.

சரி, இப்போது நேரம். தூரத்தை 800-ஆல் வகுத்து, வருவதோடு 35 நிமிடம் கூட்டுங்கள். கோவைக்கு 2 மணி 26 நிமிடம், கூட்டினால் ஏறக்குறைய 3 மணி நேரம். சென்னைக்கு 35 நிமிடத்தையும் சேர்த்து 2 மணி 47 நிமிடம். டிக்கெட்டில் போட்டிருப்பதும் பெரும்பாலும் இதை ஒட்டியே இருக்கும். அந்த 35 நிமிடம் எதற்கு என்றால், ஏர்பஸ் 320 மாதிரி விமானங்கள் மேலே போன பிறகுதான் மணிக்கு 830 கிலோமீட்டர் வாக்கில் பறக்கும்; ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும், டிக்கெட்டில் இருக்கிற நேரமோ கேட்டை விட்டுக் கிளம்புவதிலிருந்து அடுத்த ஊர் கேட்டில் நிற்கிற வரைக்கும்.

கிழக்கு மேற்காகப் போகிறவர்கள் காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வட இந்தியாவுக்கு மேலே குளிர்காலத்தில் மேற்கிலிருந்து பலத்த காற்று வீசும், அதனால் கொல்கத்தா போவதை விடத் திரும்பி வர நேரம் கூடும். 2016-இல் ஏர் இந்தியா டெல்லியிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அட்லாண்டிக்கை விட்டுவிட்டு பசிபிக் வழியாகப் பறந்தது. தூரம் சுமார் 1,400 கிலோமீட்டர் அதிகம், ஆனாலும் காற்று பின்னாலிருந்து தள்ளியதால் சீக்கிரமே போய்ச் சேர்ந்தது! 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும் லண்டன் பக்கம் போகிறவை சுற்றிப் போக வேண்டியதாயிற்று, அப்படிப்பட்ட இடத்தில் நம்ம 800 கணக்கு செல்லாது.

வெளிநாடு என்றால் இன்னொன்று. டிக்கெட்டில் புறப்படும் நேரம் இங்கத்தியது, சேரும் நேரம் அந்த ஊருடையது. இரவு 11 மணிக்குக் கிளம்பி காலை 7:15-க்கு சிங்கப்பூர் என்று போட்டிருந்தால் எட்டேகால் மணி நேரம் என்று நினைத்துவிடாதீர்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், அதைக் கழித்தால் பயணம் 5 மணி 45 நிமிடம்தான்.

அப்புறம், 'டைரக்ட்' என்று போட்டிருந்தாலும் நடுவில் ஓர் ஊரில் இறங்கி ஏறலாம். 'நான்ஸ்டாப்' என்று இருக்கிறதா பாருங்கள், வயதான அப்பா அம்மா வருகிறார்கள் என்றால் கட்டாயம் பாருங்கள்.

வீட்டை விட்டு எப்போது கிளம்புவது என்பதை டெர்மினல் எண்ணைப் பார்த்து முடிவு பண்ணுங்கள். ஆர்.கே.புரம், முனிர்கா ஆட்களுக்கு டெர்மினல் 1 என்றால் மெஜந்தா லைன் மெட்ரோ நேராகவே போகிறது. டெர்மினல் 3-க்கு ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் டாக்ஸி.